எம்ஜிபி எஞ்சினை டிராக்குக்காகப் பிரித்துக் கட்டும்போது எதை முதலில் கவனிக்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். 1967ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (பிரிட்டனில் தயாரான திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று உங்களிடம் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மீண்டும் மிதிக்கும்போது நீலப் புகை வருகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு 3000 ஆர்.பி.எம்.மிலும் ஆயில் அழுத்தம் 25 பி.எஸ்.ஐ.யைத் தாண்டுவதில்லை. எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும் என்பதால், ஆண்டில் சில முறை அமெச்சூர் டிராக் நிகழ்ச்சிகளில் ஓட்டவும், ஓட்டி முடித்து அதே காரில் வீடு திரும்பவும் ஏற்ற வகையில் கட்டிவிட நினைக்கிறீர்கள். அதற்காக எஞ்சினின் கொள்ளளவை 1950 சி.சி. ஆக்கும் பெரிய பிஸ்டன், ரேஸ் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), வெபர் கார்புரேட்டர் ஆகிய மூன்றையும் இப்போதே வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். இந்த மூன்றும் சக்தியைக் கூட்டும் பொருள்கள். உங்கள் எஞ்சினில் இப்போது இருக்கும் குறையோ ஆயிலைப் பற்றியது. டிராக்கில் இத்தகைய எஞ்சின்களை அழிப்பதும் பெரும்பாலும் சக்திக் குறைவு அல்ல, ஆயில் கிடைக்காத பேரிங்கும் அளவுமீறிய சூடுமே. ஆகவே பணத்தையும் உழைப்பையும் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), பேரிங், ஆயில், ஹெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும், வால்வுகள் உள்ள பகுதி) ஆகியவற்றில் முதலில் செலவிட்டுவிட்டு, மீதி இருந்தால் குதிரைத்திறனைப் பற்றி யோசிக்கும் வரிசையில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

அடிப்படையில் இது நல்ல எஞ்சின் என்பதில் ஐயம் வேண்டாம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) நிறுவனத்தின் பி-சீரிஸ் வகையைச் சேர்ந்த இந்த 1798 சி.சி. எஞ்சின், 1964ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிராங்க்கைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங்குகளிலிருந்து ஐந்துக்கு மாறியது. உங்கள் கார் அதற்குப் பிந்தையது. 1965 லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் பேடி ஹாப்கிர்க்கும் ஆண்ட்ரூ ஹெட்ஜஸும் ஓட்டிய எம்ஜிபி பதினோராம் இடத்தில் முடித்தது. 1966இல் நூர்பர்க்ரிங் தடத்தில் 84 மணி நேரம் நடந்த மராத்தான் டி லா ரூட் பந்தயத்தை ஹெட்ஜஸும் ஜூலியன் வெர்னேவும் ஒரு எம்ஜிபியில் வென்றார்கள். மிக வேகமான கார் என்பதால் அல்ல, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் கார் என்பதால் பெயர் எடுத்த எஞ்சின் இது. நீங்களும் அந்தக் குணத்தைக் காப்பாற்றும்படியே கட்ட வேண்டும். ஆனால் அறுபது ஆண்டுகளில் பல எஞ்சின்கள் கார் மாறியிருக்கின்றன என்பதால், பிளாக்கில் உள்ள எண் 18ஜிபி என்று தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உதிரிப்பாகம் வாங்கும்போது காரின் ஆண்டை நம்பாமல் அந்த எண்ணை நம்புங்கள்.

பிரிப்பதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்யலாம். கால் எடுத்து மீண்டும் மிதிக்கும்போது வரும் புகை பொதுவாக வால்வு கைடு (வால்வின் தண்டு நகரும் குழல்) தேய்ந்ததைக் காட்டும்; தொடர்ந்து மிதித்து இழுக்கும்போது வரும் புகையே பிஸ்டன் ரிங்குகளைக் குற்றம் சொல்லும். ஆகவே உங்கள் சிலிண்டர்கள் நீங்கள் அஞ்சும் அளவுக்குத் தேயாமல் இருக்கக்கூடும்; லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அழுத்திக் கசிவைப் பார்ப்பது) செய்து, காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்று கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆயில் அழுத்தத்தையும் டேஷ்போர்டில் இருக்கும் பழைய மீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம்பகமான மீட்டர் ஒன்றைத் தற்காலிகமாக இணைத்துப் பார்த்துவிட்டு, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினில் சூடான பிறகு ஓட்டத்தில் 50 முதல் 80 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும்.

பிரித்த பிறகு எடுக்க வேண்டிய முதல் முடிவு, அதிகபட்சம் எத்தனை ஆர்.பி.எம். வரை ஓட்டுவீர்கள் என்பது. மற்ற எல்லாச் செலவும் இந்த ஒரு எண்ணிலிருந்துதான் கிளைக்கிறது. பிஸ்டன் 88.9 மி.மீ. நீளம் பயணிக்கும் நெடுவீச்சு எஞ்சின் இது. 5500 ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.3 மீட்டர், 6500இல் 19.3, 7500இல் 22.2. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடையும் அதன் போல்ட்டையும் இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், 6500இலிருந்து 7500க்குப் போவது வெறும் ஆயிரம் சுற்றாகத் தோன்றினாலும் சுமையை மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது. 6500 என்று எல்லை வகுத்துக்கொண்டால், விரிசல் இல்லாத பழைய கிராங்க்கும் பழைய ராடுகளும் புதிய, உயர்தர ராட் போல்ட்டுகளும் போதும். 7500 வேண்டுமென்றால் ஸ்டீல் கிராங்க், ஸ்டீல் ராட் என்று வேறொரு பட்டியல் தொடங்கும். வீடு திரும்ப ஓட்டும் காருக்கு அது தேவையில்லை. எண்ணைத் தீர்மானித்த பிறகு அதை உங்கள் வலது காலின் கட்டுப்பாட்டுக்கு விடாமல், இக்னிஷனில் ரெவ் லிமிட்டர் ஒன்றைப் பொருத்திவிடுங்கள்.

பிளாக்கைப் பொறுத்தவரை, 80.26 மி.மீ. துளையை அறுபது தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ், அதாவது 81.78 மி.மீ. ஆக்கினால் 1868 சி.சி. கிடைக்கும், ஒவ்வொரு பக்கச் சுவரும் இழப்பது 0.76 மி.மீ. மட்டுமே. நீங்கள் கேட்கும் 1950 சி.சி.க்கு 83.57 மி.மீ. துளை வேண்டும், அப்போது சுவர் 1.65 மி.மீ. மெலிகிறது. கூடுதலாகக் கிடைப்பதோ 1868ஐ விட நாலரை விழுக்காட்டுக்கும் குறைவான கொள்ளளவு. வார்ப்பின்போது உள்அச்சு சற்று நகர்ந்த பிளாக்குகளில் ஒரு பக்கச் சுவர் ஏற்கெனவே மெல்லியதாக இருக்கும் என்பதால், அல்ட்ராசோனிக் கருவியால் சுவரின் கனத்தை அளக்காமல் 1950க்குத் துளையிடுவது சூதாட்டம். உங்கள் சிலிண்டர்கள் இருபது அல்லது முப்பது தௌவில் சுத்தமாகிவிடும் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த முறைக்கும் பிளாக்கில் இரும்பு மிஞ்சியிருக்கும். துளையிடும் இடத்தில், ஹெட் இறுக்கியதைப் போன்ற அழுத்தம் தரும் டார்க் பிளேட்டை இறுக்கி, மெயின் பேரிங்குகளின் கேப்புகளையும் (மூடிகளையும்) மாட்டிய நிலையில் ஹோனிங் (சுவரை நுணுக்கமாகத் தேய்த்துச் சீராக்குதல்) செய்யச் சொல்லுங்கள். அதற்கு முன் பிளாக்கின் பக்கவாட்டுத் துளைகளை அடைக்கும் கோர் பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, தண்ணீர்ப் பாதையின் பின்கோடியில் நான்காவது சிலிண்டரைச் சுற்றிப் படிந்திருக்கும் துருச் சேற்றைச் சுரண்டி எடுக்க வேண்டும். கடையில் பிளாக்கைக் கழுவிக் கொடுப்பார்கள் என்றாலும், டார்ச் அடித்து நீங்களே பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இனி கிராங்க்கும் பேரிங்கும். நேரத்தை அதிகம் கேட்கும் பகுதி இது. கிராங்க்கை முதலில் காந்தத் துகள் முறையில் விரிசலுக்காகச் சோதிக்க வேண்டும். விரிசல் பெரும்பாலும் ஜர்னலின் (பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதியின்) ஓரத்தில் வளையும் ஃபில்லெட்டில்தான் தொடங்கும். கிரைண்டிங் செய்பவரிடம் அந்த வளைவைக் கூர்மையான மூலையாக்காமல் பழைய ஆரத்திலேயே வைக்கும்படி எழுதியே கொடுங்கள். டிராக் எஞ்சினில் கிராங்க் உடைவதற்கு அந்த மூலை ஒன்றே போதும். கிரைண்டிங் முடிந்து வந்ததும் ஆயில் துளைகளின் அடைப்பான்களைக் கழற்றி, உள்ளே நீளமான பிரஷ் செலுத்தி, துணியில் கறுப்பு படியாத வரை கழுவுங்கள். அங்கே தங்கியிருக்கும் கிரைண்டிங் தூள், எஞ்சின் ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே புதிய பேரிங்குக்குள் போய்ச் சேரும்.

பேரிங் இடைவெளியைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை வைத்து ஏற்றுக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். மைக்ரோமீட்டரும் போர் கேஜும் கையாளத் தெரிந்தால் அதுவே சிறந்தது. இல்லையென்றால் பிளாஸ்டிகேஜ் போதும்: மெல்லிய அந்த மெழுகு நூலில் ஒரு துண்டை உலர்ந்த ஜர்னலின் குறுக்கே அல்லாமல் நீளவாக்கில் வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, கிராங்க்கை இம்மியும் சுழற்றாமல் மீண்டும் கழற்றினால், நசுங்கிய நூலின் அகலம் இடைவெளியைச் சொல்லும். ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் நசுங்கியிருந்தால் ஜர்னல் கூம்பாக அரைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்; கிராங்க்கைத் திருப்பிக் கொடுங்கள். ராடின் பெரிய முனை (கிராங்க்கைப் பிடிக்கும் முனை) பேரிங்குகளில் 0.05 முதல் 0.06 மி.மீ. வரை இருப்பது டிராக்குக்கு ஏற்றது. நடு மெயினில் உள்ள திரஸ்ட் வாஷர்களைத் தேர்ந்து, கிராங்க்கின் முன்பின் அசைவை 0.10 முதல் 0.13 மி.மீ.க்குள் வைக்க வேண்டும். ராடுகள் ஏதேனும் மாற்ற நேர்ந்தால், இந்த வகையில் முந்தைய ராடுகளின் பெரிய முனை சாய்வாகவும் பிந்தையவற்றில் நேராகவும் பிளக்கப்பட்டிருக்கும் என்பதை நினைவில் கொண்டு, நான்கும் ஒரே வகையாக வாங்குங்கள்.

பேலன்சிங் வேலையைத் தவிர்க்காதீர்கள். பிஸ்டன்களை ஒரு கிராமுக்குள்ளும், ராடுகளை முனைவாரியாகவும் சமப்படுத்தி, கிராங்க்கை அதன் டேம்பர், ஃபிளைவீல், கிளட்ச் கவர் ஆகியவற்றோடு சேர்த்து டைனமிக் பேலன்ஸ் செய்தால், செலவுக்கு மேல் பலன் தரும் ஒரே இயந்திர வேலை அதுதான் என்பது என் கருத்து.

அடுத்து ஆயில் சம்ப், அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி. சாலையில் ஒரு வளைவு ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும்; டிராக்கிலோ நீண்ட வளைவில் பல நொடிகள் தொடர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தபடி முழு வேகத்தில் ஓட்டுகிறோம். அப்போது சுமார் நான்கு லிட்டர் ஆயிலும் சம்ப்பின் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிட, உறிஞ்சுகுழாய் காற்றைக் குடிக்கிறது. மீட்டர் முள் வளைவின் நடுவில் சரிந்து, நேர்ப்பாதைக்கு வந்ததும் எழும். ஓட்டுநரின் கண் அந்த நேரத்தில் மீட்டரில் இருக்காது. இதற்கு மருந்து, உறிஞ்சுகுழாயைச் சுற்றித் தடுப்புத் தகடுகள் பற்றவைத்த சம்ப். தகட்டில் உள்ள சிறு கதவுகள் ஆயிலை உள்ளே விடும், வெளியே விடாது. அதோடு, அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினால் கண்முன் எரியும் பெரிய எச்சரிக்கை விளக்கு ஒன்றை இணைத்துவிடுங்கள். தடுப்புத் தகடு போட்ட பிறகும் அந்த விளக்கு வளைவில் கண் சிமிட்டினால் மட்டுமே அக்குமுலேட்டர் (அழுத்தத்தில் ஆயிலைச் சேமித்து வைக்கும் கலன்) போன்ற விலையுயர்ந்த ஏற்பாடுகளைப் பற்றி யோசிக்கலாம். ஆயில் பம்ப் புதிதாகவே இருக்கட்டும். அதையும் பிரித்து உள்இடைவெளியை அளந்துவிட்டு மாட்டுங்கள்.

ஆயில் கூலரும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஏனெனில் வீட்டுக்குத் திரும்பும் நிதானமான ஓட்டத்தில் ஆயில் சூடேறாமலே இருப்பதும் கெடுதல்தான். டிராக்கில் ஆயிலின் வெப்பம் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. 130ஐ நெருங்கினால் உள்ளே வந்துவிடுங்கள். கேமில் உரசி வால்வை இயக்கும் டேப்பட்டுகள் தட்டையாக உள்ள எஞ்சின் என்பதால், புதிய கார்களுக்கான மெல்லிய ஆயில்களை விட்டுவிட்டு, துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு உள்ள 20டபிள்யூ-50 ஆயிலையே பயன்படுத்துங்கள். எஞ்சினின் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய்களை, வழியும் ஆயிலைப் பிடிக்கும் ஒரு கேட்ச் டேங்க்கில் கொண்டுபோய் விடுவது தடத்தில் ஆயில் சிந்தாமல் காக்கும். பல நிகழ்ச்சிகளில் பரிசோதகர்களும் அதைக் கேட்பார்கள்.

ஹெட்டுக்கு வருவோம். இதய வடிவிலான அந்த எரியறை பிரிட்டிஷ் எஞ்சின் பொறியாளர் ஹாரி வெஸ்லேக்கின் வடிவமைப்பு; அதன் வடிவத்தில் கைவைக்காமல் இருப்பதே மேல். ஹெட்டில் வெளியேற்றும் துளைகள் மூன்றுதான். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் நடுத்துளையைப் பகிர்ந்துகொள்வதால் வெப்பம் அங்கே குவிகிறது, விரிசலும் பெரும்பாலும் அந்த இரு வால்வு சீட்டுகளின் அருகில்தான் வரும். எனவே எந்தச் செலவுக்கும் முன்னால் ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு அனுப்புங்கள். தேறினால், ஈயமில்லாத பெட்ரோலுக்கேற்ற கெட்டியான எக்ஸாஸ்ட் சீட்டுகள், புதிய கைடுகள், மூன்று கோணங்களில் வெட்டிய சீட் முகங்கள் ஆகியவை போதும். உங்கள் நீலப் புகையும் அதோடு தீர வாய்ப்பு அதிகம். இந்த எஞ்சினின் பிந்தைய வடிவங்களில் வந்த 41.3 மி.மீ. இன்லெட் வால்வு பயனுள்ளது. போர்ட்டிங் என்ற பெயரில் துளைகளைப் பெரிதாக்குவதைவிட, வால்வு கைடைச் சுற்றியுள்ள புடைப்பைக் குறைத்து, சீட்டுக்கு நேர் கீழே உள்ள பகுதியைச் சீராக்குவதில்தான் பலன் இருக்கிறது.

அமுக்க விகிதத்தை (பிஸ்டன் கீழே நிற்கும்போதுள்ள இடத்துக்கும் உச்சியில் மிஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதத்தை) எப்போதும் கணக்கிட்டே வையுங்கள். 1868 சி.சி.யில் ஒரு சிலிண்டரின் பங்கு 467 சி.சி. விகிதம் 9.75 வேண்டுமென்றால் பிஸ்டன் உச்சியில் மிஞ்சும் இடம் 53.4 சி.சி. இருக்க வேண்டும். 82.5 மி.மீ. வட்டமும் அமுங்கிய நிலையில் 1 மி.மீ. கனமும் உள்ள கேஸ்கெட் 5.3 சி.சி. எடுத்துக்கொள்ளும். பிஸ்டன் பிளாக்கின் மேல்மட்டத்துக்கு அரை மி.மீ. கீழே நின்றால் அது 2.6 சி.சி. மீதி 45.5 சி.சி.யை எரியறையும் பிஸ்டனின் குழிவும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இவ்விரண்டையும் பியூரெட்டிலிருந்து திரவம் ஊற்றி அளப்பது ஒரு மாலை வேலை. அதே எஞ்சினில் பிஸ்டன் அரை மி.மீ.க்குப் பதில் ஒரு மி.மீ. கீழே நின்றுவிட்டால் விகிதம் 9.34 ஆகிவிடும், ஹெட்டை எவ்வளவு அரைப்பது என்று அளக்காமல் சொல்பவரை நம்ப வேண்டாம் என்பது இதனால்தான். பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலோடு இரும்பு ஹெட்டில் 10க்கு மேல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரேஸ் கேம் இந்த எஞ்சினுக்கு ஏன் மற்ற எஞ்சின்களைவிடக் குறைவாகவே பயன்படுகிறது என்பதை விளக்குவது அவசியம். இன்லெட் துளைகள் இரண்டே: ஒன்றும் இரண்டும் ஒரு துளையிலிருந்தும், மூன்றும் நான்கும் மற்றொரு துளையிலிருந்தும் மூச்சிழுக்கின்றன. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், மூன்று இழுத்ததும் அடுத்தே நான்கும், இரண்டு இழுத்ததும் அடுத்தே ஒன்றும் இழுக்கத் தொடங்கும். பின்னர் அந்தத் துளை நெடுநேரம் சும்மா இருக்கும். ஒரு துளையைப் பகிரும் இரு வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் காலம், கேமின் திறப்புக் கோணத்திலிருந்து 180ஐக் கழித்தால் வருவது. அசல் கேமின் 252 டிகிரிக்கு அது 72 டிகிரி. 290 டிகிரி ரேஸ் கேமுக்கு 110 டிகிரி. அந்த இடைவேளையில் இரண்டாவதாகத் திறப்பது முதலாவதின் பங்கைப் பிடுங்குகிறது. உள்சிலிண்டர்களும் வெளிச்சிலிண்டர்களும் ஒரே கலவையைப் பெறாமல் போக, கார்புரேட்டரை எப்படித் திருகினாலும் நான்கையும் திருப்திப்படுத்த முடிவதில்லை. ஆகவே 270 டிகிரி அளவிலான, வேகமாகத் திறந்து மூடும் கேம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 3000இலிருந்து 6200 வரை தொய்வின்றி இழுக்கும் எஞ்சின்தான் அமெச்சூர் ஓட்டுநரை வேகமாக்கும். கேமை செயின் சக்கரத்தின் புள்ளிகளை மட்டும் பார்த்து மாட்டாமல், கோண வட்டும் டயல் கேஜும் கொண்டு, தயாரித்தவர் குறித்த கோணத்தில் முழுத் திறப்பு வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். புதிய கேமுக்குப் பழைய டேப்பட்டுகளை ஒருபோதும் போடாதீர்கள்.

கார்புரேட்டரில் இப்போதைக்கு எதுவும் மாற்ற வேண்டியதில்லை. காரோடு வந்த இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர்களின் ஸ்பிண்டில் தேய்மானத்தைச் சரிசெய்து, ஊசியை மட்டும் மாற்றினால் இந்த எஞ்சினுக்குப் போதிய காற்று வரும். டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் (தீப்பொறி எவ்வளவு முன்னதாக வருகிறது என்ற) வளைவைப் புதிய விகிதத்துக்கேற்பத் திருத்தி, மொத்த அட்வான்ஸை 32 டிகிரியில் தொடங்கி, டைனோவில் (எஞ்சினின் சக்தியை அளக்கும் கருவியில்) மட்டுமே அதற்கு மேல் நகர்த்துங்கள். பின்னாளில் வரலாற்றுக் கார் பந்தயங்களில் இறங்கும் எண்ணம் இருந்தால், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் அப்பென்டிக்ஸ் கே விதிகள் காரின் காலத்துக்குரிய அமைப்பையே கோருகின்றன என்பதால், பாகம் வாங்கும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது.

கட்டி முடித்த எஞ்சினின் முதல் அரைமணி நேரம்தான் கேமின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, மீட்டரில் அழுத்தம் தெரியும் வரை ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். பம்ப்பை மாட்டும்போதே வாசலினால் நிரப்பியிருந்தால் அழுத்தம் விரைவில் எழும். பிறகு, கேமில் பூசிய பசை வழிந்துவிடாதபடி, ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்தே 2000 ஆர்.பி.எம்.முக்குக் குறையாமல், சற்று ஏற்றி இறக்கியபடி இருபது நிமிடங்கள் ஓட்ட வேண்டும். ஐட்லிங்கில் விட்டுக் கார்புரேட்டரைத் திருகும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் டேப்பட்டுக்கு அப்போதுதான் மிகக் குறைவாக ஆயில் தெறிக்கும். இரட்டை வால்வு ஸ்பிரிங் போட்டிருந்தால் இந்த இருபது நிமிடங்களுக்கு உள்ஸ்பிரிங்குகளை மாட்டாமல் விடலாம். அந்த ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றிவிட்டு, ரிங்குகள் அமரும்படி சாலையில் மிதமான பாரம் கொடுத்து ஓட்டுங்கள். அதன்பின் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் நட்டுகளையும், தொடர்ந்து 0.38 மி.மீ. டேப்பட் இடைவெளியையும் மீண்டும் சரிபாருங்கள்.

முதல் டிராக் நாள் முடிந்ததும் நான்கு பிளக்குகளையும் வரிசையாக வைத்து நிறம் பாருங்கள். ஃபில்டரை வெட்டிப் பிரித்து, காகித மடிப்புகளை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளிநிறத் துகள் மின்னினால் பேரிங்கின் மேல்பூச்சு போகிறது, காந்தத்தில் ஒட்டும் தூள் இருந்தால் கேமோ டேப்பட்டோ தேய்கிறது. இரண்டும் இல்லை, வளைவுகளில் விளக்கும் எரியவில்லை, ஆயில் வெப்பமும் எல்லைக்குள் நிற்கிறது என்றால் அடுத்த பருவத்தில் வெபரைப் பற்றிப் பேசலாம். அப்போதும் இரண்டு வாங்க வேண்டியதில்லை. இரண்டு துளைகள் மட்டுமே உள்ள இந்த ஹெட்டுக்கு வெபரின் இரட்டைக்குழல் வகையான 45 டிசிஓஇ ஒன்றே போதும்.